மணிக்கட்டைப் பிடித்த ஆண்டவர்

இஞ்சாருங்கோ, என்ர ராசா,

நீங்கள் கீறிய படம் ஏறிவிட்டது! கோயிலில், பீடத்துக்குப் பின்னால், நடுச்சுவரில், ஒரு கோடுகூட மாற்றாமல். கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரியட்டும் என்றுதான் இதை எல்லோரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

லேசில் ஏறவில்லை. உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்த கையோடு பங்குச் சபை கூடியது. தலைவர் ஞானம் மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படத்தைப் பார்த்தார். "உயிர்ப்புப் படமெண்டால் கல்லறை எங்கை? கொடி எங்கை? ஆதாமையும் ஏவாளையும் ஆண்டவர் ஏன் மணிக்கட்டிலை பிடிச்சிருக்கிறார்? பொலிஸ்காரன் இழுத்துக்கொண்டு போற மாதிரியெல்லோ கிடக்கு!" கையோடு கை கோத்த மாதிரி மாற்றிக் கீற வேறு ஆளைப் பிடிப்போம் என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், கோபிக்காதேங்கோ. முதலில் நானும் மாஸ்டர் கட்சிதான். மேகத்தில் மிதக்கிற கலண்டர் இயேசுதான் எனக்குப் பழக்கம். நீங்களோ பலாப் பலகையில் கறுப்புக் குழி, அதன்மேல் குறுக்காக விழுந்த, செத்தவர்களை அடைத்துவைத்த பாதாளத்தின் கதவுகள், சிதறிய பூட்டு, சாவி, ஆணி என்று கீறினீர்கள். முட்டை மஞ்சள் கருவில் நிறம் குழைத்தீர்கள். வெள்ளைக் கருவை இரண்டு மாதம் நான் பொரித்துத் தின்றேன். "இதென்ன பழைய இரும்புக் கடையோ?" என்று கேட்டேனே, அந்த வாயை என்ன செய்வது?

"சாவின்ர வீட்டை உடைச்சால் பூட்டும் ஆணியும் சிதறாதோ?" என்று சிரித்தீர்கள். மணிக்கட்டைப் பற்றி நான் கேட்கவுமில்லை, நீங்கள் சொல்லவுமில்லை. அது எனக்கு ஆஸ்பத்திரியில்தான் விளங்கியது.

கூட்டத்தில் எழும்பினேன்.

"மாஸ்டர், கடைசி ரெண்டு நாளும் இந்த மனுசன்ர கையைப் பிடிச்சனான். விரல் திருப்பிப் பிடிக்கேல்லை. வழுகி வழுகி விழுந்தது. பிறகு மணிக்கட்டைத்தான் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். செத்தவன் கை தருவானோ? ஆண்டவர்தானே பிடிச்சுத் தூக்கவேணும்? இதிலை ஆரும் தூரிகை வைக்கிறதெண்டால் என்னைத் தாண்டித்தான் வைக்கவேணும்!"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய மனைவி போய் இரண்டு வருடம். "என்ர மனிசியின்ர கையும் அப்பிடித்தான் பிள்ளை," என்றார். படத்தைச் சுவரில் ஏற்றியபோது ஒரு பக்கம் தூக்கியவரும் அவர்தான்.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசையில் திரை விலகியது. வெள்ளை உடுப்புப் பறக்க, உடைந்த கதவுகளை மிதித்துக்கொண்டு ஆண்டவர்! கிழட்டு ஆதாம் ஒரு கையில், சிவப்புப் போர்வை ஏவாள் மறு கையில். நான் போட்ட அல்லேலூயாச் சத்தத்தில் முன் வாங்கில் இருந்த சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்! பூசை முடிந்தும் சனம் கலையவில்லை. தங்கள் தங்கள் செத்தவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே அந்தக் குழியைப் பார்த்தார்கள். அதற்குள் ஓர் ஆளும் இல்லை. நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டாமா?

படம் வீட்டில் காய்ந்த நாளெல்லாம் "எப்பிடி இருக்கு?" என்று என்னைக் கேட்டீர்கள். ஒருநாளும் நான் நல்ல பதில் சொல்லவில்லை. வடிவாயிருக்கு, ராசா. சரியான வடிவு. ஆண்டவர் உங்களையும் மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி நிறுத்துகிற அன்றைக்கு, எல்லோருக்கும் முன்னால், உங்கள் முகத்தைப் பார்த்து இதைத் திரும்பவும் சொல்லுவேன். சத்தியம்.

உங்கட வாய்க்காரி மனிசி,
றோசலின்