ஒன்பதே காலுக்குள் உன் பேர்

தாராவி, மும்பை - 17
23 நவம்பர் 2025, ஞாயிறு

அன்பு ஜோன்ஸுக்கு,

வேதமுத்து எழுதுவது. இங்கே நாங்கள் அவரவர் நோவோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஓமான் சலாலாவில் நீயும் சுனிதாவும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்கக் கர்த்தரிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் விலாசத்தை விக்ரோலியில் சுனிதாவின் தம்பியிடம் வாங்கினேன். எதற்கு என்று கேட்டான். கிறிஸ்துமஸ் கார்டு போட என்று சொல்லிவிட்டேன். அறுபத்து மூன்று வயதிலும் பொய் எப்படிச் சரளமாக வருகிறது பார்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். என் போனை மருமகள் பார்ப்பாள், பேரன் பார்ப்பான், பிறகு யார் யாரெல்லாம் பார்ப்பார்களோ தெரியாது. அது போக, இப்போது யார் குரலில் யார் பேசுகிறார்கள் என்றும் தெரிவதில்லை. போன மாதம் எங்கள் சபையில் ஒருவருக்கு அவர் மகன் குரலிலேயே யாரோ பேசி அழுதார்களாம். என் கையெழுத்து உனக்குத் தெரியும். 'மு'வை நான் வாலை நீட்டிப் போடுவேன் என்று கேலி செய்வாயே, அந்த மு இதுதான்.

பென்ஷனுக்கு உயிரோடிருக்கிறேன் என்று வருஷா வருஷம் நிரூபிக்க வேண்டும். இந்தத் தடவை விரல் ரேகை விழவில்லை. ரேகை எடுத்த பெண் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணைச் சிமிட்டுங்கள் அங்கிள் என்றாள். சிமிட்டினேன். ஆள் பொருந்தவில்லை என்று மூன்று முறை வந்தது. நான்தானம்மா வேதமுத்து, நான்தான் என்று அந்தப் போனிடம் கெஞ்சிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் ஞாபகம். நான் வேறொருவன் பேரைச் சொன்ன காலத்தில் எந்த மெஷினும் என்னை மறுத்ததில்லை.

செம்பூர் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது இருபத்திரண்டு மாடிக் கட்டடம். நம் மருந்துக் கம்பெனி இருந்ததற்கு வாட்ச்மேன் கூண்டுப் பக்கத்து வேப்பமரம்தான் சாட்சி. நீ கீழே பர்சனல் செக்ஷனில் டைப்பிஸ்ட், நான் மேலே ஸ்டோர்ஸில் கிளார்க். வந்ததும் கையெழுத்துப் போடும் மஸ்டர் புத்தகம் இருந்தவரை நீ எவ்வளவு பட்டாய்! கல்யாணிலிருந்து குர்லா வந்து, வண்டி மாறி செம்பூர் வருவதற்குள் ஒன்பதே கால் ஆகிவிட்டால் சிவப்பு மையில் கோடு. மூன்று கோடு விழுந்தால் அரைநாள் லீவு போச்சு. உனக்காக ஒருநாள் மஸ்டரில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். கை நடுங்கியது, வைத்துவிட்டேன்.

பிறகு கம்ப்யூட்டர்கள் வந்தன. எல்லா மேசையையும் ஒரே கம்பியில் கோத்தார்கள். மஸ்டரை எடுத்துவிட்டார்கள். காலையில் வந்து பேரும் பாஸ்வேர்டும் அடித்தால் அதுதான் ஆஜர் என்றார்கள். அடுத்தவன் கையெழுத்தைப் போட நடுங்கிய எனக்கு, அடுத்தவன் பேரை அடிக்க ஒரு நடுக்கமும் இல்லை. நமக்கு மட்டுமா? அம்பர்நாத், டோம்பிவிலி என்று தூரத்திலிருந்து வந்த எல்லோருக்கும் பேரை அடிக்க உள்ளே ஒருவர் இருந்தார். பாஸ்வேர்டைச் சொல்வது, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரிதான் இருந்தது. கேட்டால் கொடுக்காதவனைத்தான் ஒரு மாதிரி பார்த்தோம்.

உன் பாஸ்வேர்ட் உன் அம்மா பேர். இரண்டு வருஷம், மழை பெய்த காலையிலெல்லாம், ரோசம்மா என்று அடித்துத்தான் என் வேலையைத் தொடங்கியிருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையை நாம் ஒருநாளும் பேசியதில்லை. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், முழுதும் படி.

1993 ஜூலை 13. முலுண்டில் தண்டவாளத்தில் தண்ணீர். உன் வண்டி நின்றுவிட்டது. ஒன்பது பத்துக்கு என் மேசையிலிருந்து உன் பேரை அடித்தேன். அடித்ததும் வெளியே வந்துவிடுவதுதான் வழக்கம். அன்றைக்கு வரவில்லை. பர்சனல்காரனுக்குத் திறக்கும் ஃபைல்கள் எனக்குத் திறக்காதே, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்ற குறுகுறுப்பு. ஆட்குறைப்பு என்று ஒரு ஃபைல் இருந்தது. திறந்தேன். அறுபத்தொரு பேர். திரையில் மளமளவென்று ஓடியது, படிக்க முடியவில்லை. பிரிண்ட் கொடுத்தேன்.

மாடியில் என் பக்கத்தில் இருந்த பிரிண்டரில் வரும் என்று அதன் முன்னால் போய் நின்றேன். அது அசையவில்லை. உன் பேரில் உள்ளே போனால் உன் பிரிண்டரில்தான் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. உன் பிரிண்டர் கீழே, டிஸ்பேட்ச் செக்ஷனில். நீ ரகசியக் காகிதம் அடிப்பதானால் சாப்பாட்டு நேரத்தில், அங்கே ஆளில்லாதபோது அடிப்பாய் என்பதெல்லாம் பிறகுதான் புரிந்தது. நான் மாடிப்படி இறங்கி ஓடுவதற்குள் பெட்டி கட்டுகிறவர்கள் அந்தக் காகிதத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் சத்தம் போட்டுப் பேர்களை வாசித்துக்கொண்டிருந்தான். பதினேழாவதாக என் பேரை வாசித்தான்.

ஜோன்ஸ், அந்தப் பட்டியலை டைப் அடித்தது நீ. மேலே தேதி போட்டிருந்தது, ஜூலை 1. பன்னிரண்டு நாள் நீ என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டாய். என் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை வழித்து நக்கிவிட்டு, ரெபேக்கா கைமணம் என்று பாராட்டினாய். வேதா, உன் வேலை போகப்போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆபீஸ் ரகசியம், நீ சொல்லியிருக்கக் கூடாதுதான். இன்றைக்கு அது எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு வயிறு எரிந்தது.

அதனால்தான் மறுநாள் மேனேஜர் அறைக்கு உன்னைக் கூப்பிட்டபோது நான் வாய் திறக்கவில்லை. பயம் என்று நீ நினைத்திருப்பாய். பயமும் இருந்தது. ஆனால் முதல் இரண்டு நாள் கோபம்தான், இவன் அனுபவிக்கட்டும் என்ற கோபம். அதைச் சொல்ல எனக்கு முப்பத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் உன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் போட்ட கம்பெனிக்காரன் ஒரு காகிதம் எடுத்துக் கொடுத்தான். அதில் நேரம், பேர், மெஷின் நம்பர் மூன்றும் இருந்தன. மேனேஜர் பேர் மேல் விரலை வைத்தார், அதோடு சரி. ஏழாம் நம்பர் மெஷின் மாடியில் என் மேசையில் இருக்கிறது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த நேரத்தில் முலுண்டில் நின்றேன் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாய். பிறகு உன் பேரை அடித்தது யார் என்று கேட்டிருப்பார்கள். நீ சொல்லவில்லை. செக்ஷனில் எல்லோருக்கும் நீ பத்தே காலுக்குத்தான் வந்தாய் என்று தெரியும். அவர்களும் பேர் மாற்றி அடித்தவர்கள், சத்தமே காட்டவில்லை.

உன் வேலை போன அன்று சாயங்காலம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேட்டில் நின்றாய். நாளையிலேருந்து என் பேர அடிக்காண்டாம்ல என்று மட்டும் சொன்னாய். முகத்தில் கோபம்கூட இல்லை. ஒரு அறை விட்டிருக்கலாம் நீ.

பெட்டி கட்டுகிறவர்கள் நான்கு நாள் கேட்டை மறித்தார்கள், கம்பெனி பட்டியலைக் கிழித்துப் போட்டது. அறுபத்தொரு பேரும் பிழைத்தோம். கம்பெனி மூடுகிற வரைக்கும் பதினெட்டு வருஷம் அதே மெஷினில், பிறகு அதே மேசையில் வேறு மெஷினில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன். மூடும்போது பழைய ஃபைல்களைக் கட்டிப் போடச் சொன்னார்கள். அந்தக் கட்டில் மெஷின் நம்பர் போட்ட அந்தக் காகிதம் இருந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். மை மங்கிவிட்டது, ஏழு மட்டும் நன்றாகத் தெரிகிறது.

இனி உன் அம்மா விஷயம்.

உன்னை வேலைக்குச் சொன்னவர் மாட்டுங்கா மகாதேவன் சார். அவர் வீட்டில் அம்மா இருபது வருஷம் சமைத்தார்கள். அந்த வீட்டு பீரோச் சாவி அம்மா இடுப்பில்தான் கிடக்கும். நீ கம்பெனி ரகசியத்தை விற்றுவிட்டாய் என்று கேள்விப்பட்ட அன்றே அம்மா மாட்டுங்காவுக்குப் போய்ச் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். நீங்கள் எதற்கம்மா போக வேண்டும் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். எம்புள்ள திருடுன பொறவு இந்த வீட்டுச் சாவி எங்கையில இருக்கக் கூடாது என்று சொன்னார்களாம். உன்னிடம், என் முகத்துல முழிக்காத என்று சொன்னது அதற்கு அடுத்த நாள். நீ அப்போதும் என் பேரைச் சொல்லவில்லை.

2009-இல் நீ வந்து இந்தச் சந்தில் அம்மா வாசலில் நின்றாய். மழை. கதவு திறக்கவில்லை. தண்ணீர்க் குழாய் பக்கம் குடையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பார்த்திருந்தால் அதையும் எழுது.

நீ வீட்டை விட்டுப் போன பிறகு அம்மாவுக்கு ரேஷனும் மருந்தும் ஆஸ்பத்திரியும் நான்தான். ஊரில் எல்லோரும் என்னை மெச்சினார்கள். கிறிஸ்துமஸ் தவறாமல் எனக்குத்தான் முதல் தட்டு. அந்த அதிரசத்தை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். நாளாக ஆக அதுவும் பழகிவிட்டது. பழகிப்போனதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

போன மாதம் சயான் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும் முன் இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை அவிழ்த்து என் கையில் வைத்து மூடினார்கள். எய்யா வேதா, பெத்த புள்ளய நம்பிக் குடுக்க முடியல, ஒன்ன நம்பிக் குடுக்கேன் என்றார்கள். அந்தச் சாவியோடு வராந்தாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் வைக்கவும் முடியவில்லை, கையில் பிடிக்கவும் முடியவில்லை. ஜோன்ஸ், எனக்குச் சலித்துவிட்டது. நல்லவனாக இருந்து இருந்து அலுத்துப்போய்விட்டேன்.

இரண்டாம் தேதி, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காகிதத்தைக் காட்டினேன். அம்மாவுக்கு இங்கிலீஷும் வாசிக்கத் தெரியாது, கண்ணும் முழுதாகத் தெளியவில்லை. விரலால் தடவிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர், பாஸ்வேர்ட் எல்லாம் புரியுமா என்று திக்கித் திக்கி விளக்கினேன். எல்லாம் புரிந்துவிட்டது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். எம்பேரச் சொல்லியாலே உள்ள போன என்று. ஆமாம் என்றேன்.

திட்டவில்லை, அழவும் இல்லை. கையை நீட்டி, சாவியக் குடு என்றார்கள். கொடுத்தேன். இனிமே தனியா இந்த வாசலுக்கு வராத, அவன் வந்தா அவன்கூட வா என்றார்கள்.

இன்றோடு மூன்று வாரம். கண்ணுக்கு நாலு வேளை சொட்டு விட வேண்டும். பக்கத்து வீட்டு மாரிசெல்வி விடுகிறாள். அவளிடம்தான் தினமும் விசாரிக்கிறேன். நேற்று அவள் சொன்னாள், அம்மா உன் போட்டோவைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஆபரேஷன் பண்ணின கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்க்கிறார்களாம். வெளிச்சம் தெரிகிறது, ஆள் முகம் இன்னும் கலங்கலாகத்தான் தெரிகிறதாம். டிசம்பர் நடுவில் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம்.

என்னை மன்னித்தேன் என்று எழுத வேண்டாம், மன்னிக்கவில்லை என்றும் எழுத வேண்டாம். வரும் தேதியை மட்டும் எழுது. சயான் ஸ்டேஷனில் நிற்கிறேன். இந்தத் தடவை குழாயடியில் ஒதுங்கி நிற்க மாட்டேன், உன் பக்கத்தில் வாசலில் வந்து நிற்கிறேன். யார் என்று உள்ளேயிருந்து கேட்டால், நான் என் பேரைச் சொல்கிறேன், உன் பேரை நீயே சொல்.

உன்னை இந்தச் சந்துவரை கொண்டுவந்து சேர்க்கக் கர்த்தரிடம் கேட்க எனக்கு வாயில்லை. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று நானும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
என் கையால் என் பேரை எழுதும்
வேதமுத்து