அப்பா வாங்கப் போன மலை வீடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகள் சுபாஷினிக்கு,

நீயும் மருமகனும் பிள்ளைகள் இரண்டும் லண்டன் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், அப்பா, அப்பாவின் முழங்கால், என் சீனி வருத்தம், நாலு பேரும் கடவுள் புண்ணியத்தில் நல்ல சுகம். வாட்ஸ்அப் இருக்கும்போது அம்மா ஏன் பேனையைத் தூக்கினாள் என்று யோசிப்பாய். நான் உன்னோடு கதைக்கத் தொடங்கினால் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து குந்திவிடுகிறார். நீயும் அந்தப் பக்கம் கோப்பை கழுவிக்கொண்டு "ம், ம்" என்கிறாய். இதைக் கோப்பை கழுவிக்கொண்டு வாசிக்க முடியாது. கீழ்வீட்டு பர்ஹா திங்கட்கிழமை லண்டனுக்குப் படிக்க வருகிறாள், அவளிடம் மிளகாய்த்தூளோடு சேர்த்துக் கொடுத்து விடுகிறேன். தூளை முதலில் பிரிட்ஜில் வை, பிறகு இருந்து வாசி.

விஷயம் இதுதான். உன் அப்பா சைப்பிரஸில் ஒரு வில்லா வாங்கப் போனார். நான் பிழையாக எழுதவில்லை. சைப்பிரஸில்தான். மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி மலைச்சரிவில் கட்டின, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட, நீச்சல் குளத்தின் விளிம்பு நேரே கடலில் போய் முடிகிற மாதிரித் தெரிகிற புத்தம் புது வில்லா. ஆயுள் முழுக்கக் காப்புறுதிக் கம்பனியில் இருந்து, ஊரில் உள்ளவர்களிடம் உங்கள் வீடு எரியும், இடியும், வெள்ளம் வரும் என்று பயம்காட்டிச் சம்பளம் எடுத்த மனுசன் அவர். தன்னுடைய பென்ஷன் காலத்தில் மலையில் தொங்குகிற கண்ணாடிப் பெட்டி ஒன்றில் குடியேறப் பார்த்தார்.

தொடக்கி வைத்தவர் மூன்றாம் மாடி சிவபாதசுந்தரம். பெரிய ஹோட்டல் ஒன்றில் வெளிநாட்டு வீடுகளைப் பற்றிக் கூட்டம் நடக்கிறது, தேநீரும் ரோல்ஸும் சும்மா தருகிறார்கள் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். சிவபாதசுந்தரம் ரோல்ஸை எடுத்துக்கொண்டு வந்தார், அப்பா வழவழப்பான புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அந்தப் புத்தகம் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான். நான் புட்டு வைத்தால் அதை விரித்து, "இஞ்சேரும், இந்த பல்கனியில இருந்து புட்டுச் சாப்பிட்டா எப்படி இருக்கும் எண்டு யோசியும்" என்பார். புட்டு எங்கே இருந்து சாப்பிட்டாலும் விக்கும் என்று சொன்னேன், காதில் விழவில்லை.

பிறகு கம்பனியின் ஆள் சஜீத் என்ற பெடியன் வீட்டுக்கு வரத் தொடங்கினான். இந்த வெக்கையில் கோட் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளை, பாவம், வந்தவுடன் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். வீட்டை வாங்கினால் அங்கே இருக்க அனுமதியும் கிடைக்கும் என்றான், ஆண்டவன் அங்கே மட்டும் வெயிலையும் காற்றையும் அளந்து விட்டிருக்கிற மாதிரிக் கதைத்தான். இதற்குள் செய்தி பரவிவிட்டது. மீன்காரன் முதல் கோயில் தர்மகர்த்தா வரைக்கும், "என்ன பூபாலசிங்கம், சைப்பிரஸாமே?" என்று கேட்க, அப்பா இல்லை என்று சொல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறார். சிவபாதசுந்தரம் மாரிகாலத்துக்குத் தானும் வந்து நிற்கலாம் என்று தன் அறையை இப்போதே தெரிவு செய்துவிட்டார். அப்பா யூடியூபில் கிரேக்கம் படித்து, காலையில் வாசல் காக்கிற வோச்சர் பிறெடிக்கு "கலிமேரா" என்று வணக்கம் சொல்லுவார். பிறெடி அதை ஏதோ வருத்தத்தின் பெயர் என்று நினைத்து, "பரவாயில்ல சேர், சுகமாயிரும்" என்பான். அரைக் காற்சட்டை வேறு வாங்கினார். கல்யாணம் கட்டின நாளிலிருந்து நானே அபூர்வமாய்ப் பார்த்த முழங்காலை வெள்ளவத்தைச் சந்தை முழுக்கப் பார்த்துவிட்டது.

நானும் இந்தக் காய்ச்சல் தானாக விடும் என்றுதான் இருந்தேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் பெல் அடித்தது, திறந்தால் சஜீத், அவனுக்குப் பின்னால் நல்ல சென்ட் பூசின ஒரு புருஷனும் பெண்சாதியும். நம்முடைய பிளாட்டைப் பார்க்க வந்தவர்களாம். வாங்குகிறதற்கு! இதை விற்றுத்தான் வில்லாவுக்குக் காசாம். அந்த மனுசி என்னைக் கேட்காமலே சமையலறைக்குள் போய், என் அலுமாரியைத் திறந்து, சட்டிகளைப் பார்த்து, புருஷனிடம் சிங்களத்தில் இதெல்லாத்தையும் உடைத்து எறிய வேண்டும் என்றாள். எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்துவிட்டாள். அவளைவிட நல்ல சிங்களத்தில், முதலில் என்னை உடைத்து எறியுங்கள், பிறகு அலுமாரிக்கு வரலாம் என்று சொன்னேன். மனுசியின் சென்ட் வாசம் மட்டும்தான் பிறகு வீட்டில் நின்றது.

அன்றைக்கு நடந்த சண்டையை முழுதாக எழுதினால் பர்ஹாவுக்குப் பொதி பாரமாகிவிடும். பிளாட் இரண்டு பேரின் பெயரிலும் இருக்கிறது, என் கையெழுத்து இல்லாமல் ஒரு கதவுப் பிடியைக்கூட விற்க ஏலாது, நான் வைக்கமாட்டேன் என்று சொன்னேன். அப்பா, "உமக்கு ஒரு ஆசையும் இல்லை, இந்த நாலு சுவருக்குள்ள இருந்தே செத்துப்போம்" என்றார். நான், "ஓம், சாகிறதெண்டா இஞ்சதான், ஆள்கூட்டம் வரும்" என்றேன். அதற்குப் பிறகு கதை இல்லை. வீட்டுக்குள்ளே சிவபாதசுந்தரம் வழியாகத்தான் செய்திப் போக்குவரத்து. "அவருக்குத் தேத்தண்ணி வேணுமாம்" என்று அந்த மனுசன் குசினி வாசலில் வந்து நிற்கும், எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்கும் சேர்த்துச் சீனி போடாமல் கொடுத்தேன். சாப்பாட்டை மட்டும் அப்பா ஒரு நேரமும் விடவில்லை. கோபத்துக்காக வயிற்றைக் காயப்போடுகிற பரம்பரை இல்லை அது.

கடைசியில் எனக்குத்தான் அலுத்தது. ஒரு நாள் பின்னேரம், நடக்கப் போவோம் வாருங்கோ என்று மெரீன் டிரைவுக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்டவாளத்துக்கு அங்கால் கடலைப் பார்த்து இருத்தினேன். இதுவும் கடல்தானே, இதைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாத உங்களுக்கு அந்தக் கடலில் என்ன இருக்கிறது என்று நேரே கேட்டேன். அவர் ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். நீ. பெரிய தொப்பியோடு, பிள்ளைகள் இரண்டும் தண்ணீருக்குள், மருமகன் கறுத்துப்போய். போன ஆவணியில் சைப்பிரஸ் கடற்கரையில் நீ எடுத்துப் போட்டது. அதற்கு முந்தின வருஷப் படமும் வைத்திருந்தார். அண்ணன் பிரதீஸின் குடும்பம் கனடாவிலிருந்து வந்து உங்களோடு நின்ற படம். எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிறார் பிள்ளை, நீ பேஸ்புக்கில் போட்ட ஐஸ்கிறீம் படம் உட்பட.

ஏதோ சொன்னார், அந்த நேரம் பாணந்துறை ரயில் கூவிக்கொண்டு போனது. என்னவென்று கேட்டேன். திரும்பச் சொன்னார், அதுவும் ரயிலோடு போய்விட்டது. மூன்றாம் தரம் மனுசன் கத்தினார். "அங்க எண்டா பிள்ளையள் வருவினம் எண்டுதான்!" அவர் கத்துவதற்குள் ரயில் போய் முடிந்துவிட்டது. கடலை விற்கிறவன், காதல் சோடிகள், நாயைக் கூட்டிவந்த வெள்ளைக்காரி எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலை இறக்கி, "கொழும்புக்குத்தானே வரமாட்டினம். வெக்கை, நுளம்புக் கடி, தூரம். அங்க எண்டா அவை எப்படியும் போற இடம். வீடும் இருந்தா, தாய் தேப்பனும் அதுக்குள்ள இருந்தா, பாக்காமலா போவினம்?" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. எனக்கு வாய் அடைத்ததென்றால் விஷயம் எவ்வளவு என்று உனக்கே தெரியும்.

சரி, வீட்டைப் பார்ப்போம், பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றேன். அடுத்த நாள் சஜீத் டப்லெட்டோடு வந்து சைப்பிரஸுக்கு வீடியோ கோல் போட்டான். அங்கே அவன் கம்பனிக்காரன் ஒருவன் கமராவைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். அழகான வீடு, பொய் சொல்லக்கூடாது. வெள்ளைச் சுவர், கீழே ஒலிவ் மரங்கள், அதற்குக் கீழே கடல். அப்பா ஒவ்வொரு அறைக்கும் ஆள் பிரித்தார், இது சுபாவுக்கு, இது பிரதீஸுக்கு, இந்தச் சின்ன அறையில் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு தட்டுக் கட்டில் போடலாம் என்று. நான் உடுப்பு எங்கே காயப்போடுகிறது என்று கேட்டேன், சஜீத் அதெல்லாம் மெஷின்தான் ஆன்டி என்றான். அந்த நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண், எங்கள் சத்தத்தைக் கேட்டுச் சட்டென்று திரும்பினாள். "அங்கிள், நீங்க கொழும்பா?" என்றாள். தமிழில்! அப்பா வெள்ளவத்தை என்றதும், துணியை எறிந்துவிட்டு கமராவுக்குக் கிட்ட வந்தாள். "நான் மட்டக்குளி அங்கிள், மற்றில்டா. ஐயோ, தமிழ் கதைச்சு எத்தன நாளு!" என்றாள்.

பிறகு வீட்டை யார் பார்த்தது? இரண்டு பேரும் மட்டக்குளி பஸ் எந்தப் பக்கத்தால் போகிறது, பேக்கரிப் பாண் இப்போது என்ன அளவில் இருக்கிறது, மழையா என்றெல்லாம் கதைக்கிறார்கள். மட்டக்குளியில் அப்பா காப்புறுதி செய்துகொடுத்த ஒரு கடை அவள் வீட்டுக்குப் பக்கத்திலாம், அது எரிந்ததா என்று கேட்டார், இல்லை என்றதும் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. கமராக்காரன் இழுத்து இழுத்துப் பார்த்தான். கடைசியில் அவளிடமிருந்து திருப்பிக் குளத்தைக் காட்டும்போது, பின்னாலிருந்து அவள் சத்தம் வந்தது. "வாங்குங்க அங்கிள், வந்துருங்க. எனக்குக் கதைக்க ஒரு ஆள் கிடைக்கும்!"

அப்பா, பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டார். சஜீத் அங்கே ஆங்கிலத்தில் விசாரித்து, சந்தோஷமாகச் சொன்னான். "ஒருத்தரும் இல்ல அங்கிள், அதுதான் இந்த இடத்துட ஸ்பெஷல். மத்த வில்லாக்காரங்க கோடைக்கு மட்டும்தான் வருவாங்க. ஃபுல் பிரைவசி." அப்பா கேட்டார், "அப்ப தை மாசம் நான் குளியலறையில விழுந்தா ஆர் தம்பி தூக்கிறது?" பெடியன் கோட் பொத்தானைத் திருகினான். "இஞ்ச நான் லிஃப்டில தும்மினா அஞ்சாம் மாடியில இருந்து பனடோலோட ஆள் வருது" என்று சொல்லி டப்லெட்டை அவன் பக்கம் தள்ளினார். கையெழுத்து வேண்டாம், சண்டை வேண்டாம், வில்லா அத்தோடு முடிந்தது. ஆனால் எழும்பிப் போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை, மகள். அறைகளுக்கு ஆள் பிரித்த கை பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டு போனது.

அதனால் சஜீத்தைப் போகவிடாமல் பிடித்து, அந்த வீட்டை விற்கும் வரைக்கும் சொந்தக்காரன் வாடகைக்குக் கொடுப்பானா என்று கேட்டேன். கொடுப்பானாம். ஆவணியில் இரண்டு கிழமைக்கு, முழுதாய்ப் பதினாலு நாள், எடுத்துவிட்டோம். விசாவும் வந்துவிட்டது, ஒப்பீஸில் அப்பா வந்த காரணத்தை அரை மணித்தியாலம் விளக்கினதில் கவுண்டரில் இருந்த பெண் அவர் கதையை நிறுத்தத்தான் தந்திருப்பாள். பிரதீஸுக்கும் இதேபோல ஒரு கடிதம் போகிறது, அவனுக்கு ஏச்சு கொஞ்சம் கூட. நாங்கள் உன்னைப் பார்க்க வரவில்லை, வடிவாக விளங்கிக்கொள், நாங்கள் விடுமுறைக்குப் போகிறோம். நீ வழக்கமாக அந்தப் பக்கம் போகிறவள், ஆகவே வழியில் எங்களையும் பார். மற்றில்டாவை அங்கே முதல் வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாயிற்று, அவளைக் கண்ணாடி துடைக்க விடக்கூடாது. சமையல் நீயும் அண்ணியும். நான் தேங்காய்கூடத் துருவமாட்டேன். எனக்கு நீச்சல் உடுப்பு தைத்தாயிற்று, கழுத்திலிருந்து கணுக்கால்வரை, பயப்படாதே.

பிள்ளைகளுக்குக் குளிருக்குக் காதை மூடிவிடு, மருமகனை இரவில் கோப்பி குடிக்க விடாதே, நீயும் இரத்தத்தை ஒருக்கால் சோதித்துப் பார், என் சீனி உனக்கும் வரும். எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உங்கள் நால்வர் தலையிலும் நிறைந்து இருக்கட்டும்.

ஒன்று மறவாதே. இது உன் கைக்கு வந்தபிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பா ஃபோன் எடுத்து இதைத் தானே உனக்குச் சொல்லப் போகிறார், என்னென்ன வார்த்தை சொல்லுவது என்று இப்போதே கண்ணாடிக்கு முன்னால் பழகுகிறார். முதன்முதலாகக் கேட்கிற மாதிரி ஆச்சரியப்படு. நடிக்கத் தெரியாது என்று சொல்லாதே, நாலு வருஷமாக "அடுத்த வருஷம் கட்டாயம் வாறம் அம்மா" என்று எவ்வளவு நன்றாகச் சொன்னாய். அவர் சொல்லி முடித்ததும், வாறம் அப்பா என்று சொல்லு. அதை மட்டும் நடிக்காமல் சொல்லு.

என்றும் உன் நினைவோடு,
உன்னைப் பெற்ற பாவத்துக்கு இன்னும் உன்னில் ஆசையாக இருக்கும்,
அம்மா.