மருந்து இறங்கிருச்சா?

நாள் 143, 09:50

நிலவைச் சுற்றும் நிலையம் மேகலை. பதிபவர்: செண்பகவல்லி, கண் பரிசோதகர். நிலையத்தில் இருப்பவர்கள்: நான் மட்டும்.

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சுத்திகரிப்பு சரி. மூன்றாம் விசிறி சத்தம் போடுகிறது, வழக்கம்போல.

இன்று மாதாந்தரக் கண் பரிசோதனை. எடையில்லாமல் மாதக்கணக்கில் மிதந்தால் தலைக்கு நீர் ஏறி விழியின் பின்பக்க நரம்பு வீங்கும். அதைப் படம் எடுக்க வேண்டுமென்றால் கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட வேண்டும். விட்டால் ஐந்தாறு மணி நேரத்துக்குக் கிட்டத்து எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். அதற்குள் யாரும் கலம் ஓட்டக் கூடாது. விதி 31. எழுதியது நான்.

பரிசோதனைக்கு உரியவர்: சவரிமுத்து, விமானி, சொந்த ஊர் தூத்துக்குடி. நேற்று இறங்குகலம் குருவியைப் பிரித்துக்கொண்டு போனார். அரை மணி நேரத் தூரத்தில் என் பின்னாலேயே சுற்றி வருகிறார். நிலவில் இறங்குவது நாளைக் காலை. அதனால் இன்று மருந்து விடலாம் என்று அட்டவணையில் நான்தான் போட்டேன்.

படிவம் என் பழைய ஆஸ்பத்திரியுடையது. ஒரு கட்டத்தைக்கூட மாற்றாமல் இங்கே ஏற்றியிருக்கிறார்கள். "கூட வந்தவர் பெயர்" என்று ஒரு கட்டம். மருந்து விட்ட கண்ணோடு யாரையும் தனியாக அனுப்ப மாட்டோம். மாதாமாதம் அதில் கோடு போட்டு அலுத்துவிட்டது.

நாள் 143, 10:20

10:15-க்கு இரண்டு கண்ணிலும் மருந்து விட்டுக்கொண்டார். சிவப்பு மூடிப் புட்டி, குறுகிய நேர மருந்து. இங்கே சொட்டு விழாது. புட்டி நுனியில் உருண்டையாக நிற்கும், அதைக் கீழ் இமையில் ஒட்ட வைக்க வேண்டும். முதல் முயற்சியில் மூக்கில் ஒட்டிக்கொண்டது. எரிகிறதென்று புலம்பினார். கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னேன்.

குருவியிலிருந்து: "டாக்டரம்மா, கூட யாரு வந்திருக்கான்னு இன்னும் கேக்கலையே?"

நான் டாக்டர் இல்லை என்று நூற்று நாற்பத்து மூன்று நாளாகச் சொல்கிறேன். கோடு போட்டுவிட்டேன் என்றேன்.

நாள் 143, 10:53

குருவியிலுள்ள கண் கேமரா வழியாகப் பார்த்தேன். பாப்பா எட்டு மில்லிமீட்டர். விளக்கு அடித்தாலும் சுருங்கவில்லை. படங்கள் தெளிவு, நரம்பில் வீக்கம் இல்லை.

10:51-க்குப் பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கோமதிநாயகத்தின் குரல்: "மேகலை, சவரிமுத்துக்கு மருந்து இறங்கிருச்சா? சீக்கிரம் சொல்லுங்க."

படம் வரவில்லையென்று அவசரப்படுகிறார்கள் போலும். பதில்: "நல்லா இறங்கிருச்சு. இனி நீங்க ஆரம்பிக்கலாம்."

இன்னும் இரண்டு நிமிடத்தில் நிலவின் பின்பக்கம் போகிறேன். நாற்பத்தேழு நிமிடம் யாரோடும் பேச முடியாது. காப்பி.

நாள் 143, 11:55

முன்பக்கம் வந்தது 11:42. குருவி தரையில் கிடக்கிறது.

தெரிந்தவரை எழுதுகிறேன். 10:44-க்குக் குருவியில் எரிபொருள் கசிவு; அவர் அதைப் பூமிக்குச் சொன்ன அலைவரிசை எனக்குக் கேட்காது. நாளைவரை தாங்காது. உடனே இறங்கலாம், அல்லது ஆறு மணி நேரம் என்ஜினை மூடிவைத்து இருக்கும் எரிபொருளில் மேகலைக்கே திரும்பலாம். உடனே இறங்குவது என்று முடிவு. கடைசி இருநூறு மீட்டரில் ரேடார் விட்டுவிட்டது. கையால் இறக்கினார். வேகத்தைக் காட்டும் முள்ளைச் சரியாகப் படிக்கவில்லை. 11:21-க்கு மோதல். கலம் சாய்ந்துவிட்டது, உள்ளே காற்று இல்லை. சவரிமுத்து உடையோடு உயிரோடிருக்கிறார். கால் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நிலவுத் தரையிலுள்ள அடிவாரம் முகாமிலிருந்து நஸ்ரீன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஐந்தரை மணி நேரப் பாதை.

விதி 31 இருக்கும்போது எப்படி ஓட்டச் சொன்னீர்கள் என்று பூமியைக் கேட்டிருக்கிறேன்.

நாள் 143, 12:10

பதில் வந்தது. அப்படியே பதிகிறேன். கோமதிநாயகம்: "நாங்க கேட்டோம். இறங்கிருச்சு, ஆரம்பிக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க."

பழைய ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் மருந்து விடும் ஹாலில் இருந்தேன். பெஞ்சு பெஞ்சாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்து, பாப்பா விரிந்திருந்தால் "இறங்கிருச்சு, உள்ளே போங்க" என்போம். மருந்து உள்ளே இறங்கி வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லியிருப்பேன். போதை இறங்குவதுபோல மருந்தும் இறங்கிவிட்டதா என்று அவர் கேட்டிருக்கிறார். நான் படத்தைச் சொன்னேன். அவர் கலத்தைக் கேட்டார்.

மருந்து விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. அட்டவணையில் காலை ஆறு மணி என்று இருந்தது. தாமதமாகத் தொடங்கியதை நான் இதில் எழுதினேன், அவர்களுக்குச் சொல்லவில்லை.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காப்பி ஆறியிருந்தது, குடித்துவிட்டேன்.

நாள் 143, 12:40

குருவியிலிருந்து, 12:18: "மங்கலாத்தான் இருந்துச்சு டாக்டரம்மா. நீங்க இறங்கிருச்சுன்னு சொன்னதா சொன்னாங்க. சரி, எனக்குத்தான் பயத்துல அப்படித் தெரியுதுன்னு நெனச்சேன்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது எழுதுவதற்கு இருந்திருக்கும்.

ஆக்சிஜன் எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை. தகவல் அனுப்பும் பெட்டி நொறுங்கிவிட்டது. மணிக்கட்டில் காற்றின் அளவைக் காட்டும் சின்ன முள் மானி இருக்கிறது, அந்த எண்களும் மங்கல். செயல்முறை அட்டையில் பேனா முனையால் ஒரு துளை போட்டு, அதை முகக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து அது வழியாகப் பார்க்கச் சொன்னேன். சின்னத் துளை வழியாகப் பார்த்தால் மருந்து விட்ட கண்ணுக்கும் எழுத்து தெளியும். கண்ணாடிப் பவர் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான்.

படித்தார். 12:31-க்கு நாலு மணி நேரம் இருபது நிமிடத்துக்கான காற்று. அதாவது 16:51. நஸ்ரீன் வருவது 17:20.

அசையாமல், பேசாமல் இருந்தால் அரை மணி நேரம் மிச்சம் பிடிக்கலாம். அதைச் சொன்னேன். 12:53-க்கு மறுபடி பின்பக்கம்.

நாள் 143, 13:45

முன்பக்கம். குருவியில் பேச்சு இல்லை. பேசக் கூடாதென்று நான்தான் சொன்னேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வானொலிப் பொத்தானை இரண்டு தரம் தட்டுகிறார். டக் டக். அவ்வளவுதான்.

கோமதிநாயகம் உத்தரவு: அந்தச் சொல்லை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது, அளவையும் நேரத்தையும் மட்டும் சொல்ல வேண்டும். விதி 32 ஆகப் பதிந்தேன்.

நாள் 143, 15:42

பின்பக்கம் போய் வந்தேன். வந்ததும் குருவி பேசியது. பேச்சை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தேன்.

15:39: "அட்டை இல்லாமலே இப்ப முள்ளு தெரியுது. கையுறைல என் பேரு தெரியுது. ச, வ, ரி. மருந்து இறங்கிருச்சு, டாக்டரம்மா. இந்தத் தடவை நெசமாவே இறங்கிருச்சு."

முள் என்ன காட்டுகிறது என்று கேட்டேன். "அதை விடுங்க" என்றார். பிறகு: "கூட யாரு வந்திருக்கான்னு நஸ்ரீன்கிட்ட கேளுங்க. அவ வருதால்ல, அவ பேரைப் போட்டுக்கிடுங்க."

சிரித்தார். சிரிப்புக்குக்கூடக் காற்று செலவாகும். இனி பேச வேண்டாம் என்றேன். இரண்டு தரம் தட்டினார்.

நாள் 143, 16:48

டக் டக் வந்த நேரங்கள்: 15:52, 16:02, 16:13, 16:25, 16:44.

நஸ்ரீன் ஒரு பள்ளத்தைச் சுற்றி வருகிறாள். 17:30 ஆகும் என்கிறாள். வேகமாக வா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் வேகமாகத்தான் வருகிறாள்.

இன்னும் ஒரு நிமிடத்தில் நிலா குறுக்கே வரும். எனக்கு அழ வேண்டும் போல இருக்கிறது, ஆனால் இங்கே கண்ணீர் வழியாது. கண்ணிலேயே தேங்கி மறைக்கும். திரையைப் படிக்க வேண்டியிருக்கிறது.

நாள் 143, 17:12

பின்பக்கம். கேட்பதற்கு ஒன்றுமில்லை. மூன்றாம் விசிறி. காலை எடுத்த படங்களைத் திறந்து வைத்திருக்கிறேன். நல்ல நரம்பு. வீக்கம் இல்லை.

நாள் 143, 17:49

17:36 முன்பக்கம். 17:38 நஸ்ரீன்:

"செண்பகக்கா, உள்ள வந்துட்டேன். ஆக்சிஜன் குழாயை மாட்டிட்டேன், இப்ப காத்து போகுது. ஆளு கண்ணைத் திறந்துதான் இருக்காரு, அசையல. கையுறைக்கு மேல நாடி தெரியல. கண்ணாடி வழியா டார்ச் அடிச்சுப் பாத்தேன். பாப்பா பெருசா விரிஞ்சிருக்கு, சுருங்கவே இல்ல. அது மருந்துதானேக்கா? இன்னும் இறங்கல, அதனாலதானே?"

அவள் வண்டியில் ஐந்தரை மணி நேரம் தனியாக வந்தவள். 15:39-க்கு அவர் பேசியது அவளுக்குக் கேட்டிருக்காது.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முகாம்வரை அவள் கேள்வி கேட்காமல் ஓட்டியிருப்பாள்.

விதி 32-ஐ மீறினேன். "இறங்கிருச்சு, நஸ்ரீன்."

நஸ்ரீன்: "இறங்கிருச்சுன்னா? எந்த அர்த்தத்துலக்கா?"

"மூணரைக்கே மருந்து போயிருச்சும்மா. கண்ணு தெரியுதுன்னு அவரே சொன்னாரு. டார்ச்சை அணைச்சிரு."

அணைத்துவிட்டாள் போலிருக்கிறது. வானொலிப் பொத்தானை மட்டும் அழுத்திப் பிடித்திருக்கிறாள், அவள் மூச்சு கேட்கிறது.

படிவத்தை முடிக்கிறேன்.

பெயர்: சவரிமுத்து. நேரம்: 17:38. பாப்பா: இரு கண்ணும் விரிந்த நிலை. வெளிச்சத்துக்கு: சுருங்கவில்லை. மருந்து: இல்லை. கூட வந்தவர் பெயர்: நஸ்ரீன்.