அடர் நீலக் குவியல்

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் மினுக்கியின் மேசையைச் சுற்றி நான்கு பேர். கையுறையைக் கழற்றும் சாக்கில் நானும் அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு கோடு சரசரவென்று கீழே இறங்கியிருந்தது. அவளுடைய நொதியை அடக்கிவிட்டாளாம். தலைவர் கையைப் பிடித்துக் குலுக்காத குறை. "ரெண்டே வருஷம்தான் ஆச்சு இவ வந்து" என்றார், என்னைப் பார்த்து. என்னைப் பார்த்து ஏன் சொல்ல வேண்டும்?

நான் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதையும் சேர்த்துச் சொல்லாமல் சொன்னார்.

மினுக்கி என்பது நான் வைத்த பெயர். இந்தப் பக்கங்களைத் தாண்டி யாருக்கும் தெரியாது. ஆய்வகக் கோட்டைக்கூட இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வருகிறவளை வேறு என்னவென்று சொல்வது?

பிப்ரவரி 6

எரிச்சலில் வேலையே மறந்துவிடும் போலிருக்கிறது. எனக்கே ஒருமுறை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

நுரையீரலில் காயம் பட்டால் நார்ச்செல்கள் ஓடிவந்து இழை நெய்து அடைக்கும். நல்ல காரியம்தான். ஆனால் சிலருக்கு அந்தச் செல்கள் நிறுத்தவே நிறுத்தாது. நெய்து நெய்து நுரையீரல் முழுக்கத் தழும்பாகிக் காற்றுக்கு இடமில்லாமல் போகும். அந்தச் செல்லின் மேல் இருக்கும் ஓர் ஏற்பிதான் என் இலக்கு. நெய்யச் சொல்லும் உத்தரவு அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதை அடைத்தால் செல் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும். கிண்ணத்தில் வளர்த்த செல்களில் எத்தனையோ முறை காட்டியாயிற்று.

மினுக்கியின் இலக்கு வேறு. நெய்த இழைகளை ஒன்றோடொன்று பூட்டுகிற நொதி. எல்லாம் நெய்து முடித்த பிறகு பூட்டைப் பிடுங்கி என்ன பயன்? கூட்டத்தில் கேட்டே விட்டேன். "ரெண்டையும் எலில போட்டுப் பாத்துடலாமே அக்கா" என்றாள். அந்த 'அக்கா'வில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

பிப்ரவரி 12

அவள் சொன்னதே நடக்கப்போகிறது. ஒரே பரிசோதனை. எல்லா எலிகளுக்கும் நுரையீரல் நோயைக் கொடுத்து, ஒரு பங்குக்கு என் மருந்து, ஒரு பங்குக்கு அவள் மருந்து, மீதிக்கு வெறும் உப்புநீர். "ரெண்டு குதிரைக்கும் தீனி போட நம்மால ஆகாது. எது ஓடுதோ அதோட போவோம். இன்னொண்ண மூடிடுவோம்" என்று தலைவர் சொல்லிவிட்டார்.

மூடிவிடுவார்களாம். ஒன்பது வருடத்தை.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கல் அறுக்கும் பட்டறையில் தூசி தின்ற நுரையீரல் அவருடையது. ஆக்சிஜன் இயந்திரத்திலிருந்து அவர் மூக்குவரை குழாய், அது கூடத்தைத் தாண்டிச் சமையலறைவரை நீளும். அண்ணியும் நானும் அதைத் தாண்டித் தாண்டியே நடக்கப் பழகிவிட்டோம்.

"என்ன பாப்பா... உன் மருந்து... எந்த மட்டுல இருக்கு?"

நாற்பத்திரண்டு வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான்.

"எலி வரைக்கும் வந்தாச்சு அண்ணா."

"அடுத்தது நானா?" என்று சிரிக்கப்போய் இருமினார். எலியிலிருந்து மனிதனுக்கு வர எத்தனை காலம் ஆகும் என்று அவருக்கும் தெரியும். இருந்தும் தினமும் கேட்கிறார்.

பிப்ரவரி 20

மருந்து கொடுக்க ஆரம்பித்தோம். மினுக்கி எலிகளுக்குக்கூடக் காலை வணக்கம் சொல்கிறாள். என் எலிகளுக்கும் சேர்த்து. அதற்கு இவள் யார்?

மார்ச் 18

விதியைப் பாருங்கள்— யாரைப் பார்க்கச் சொல்கிறேன், என்னைத்தான்.

ஸ்லைடுகள் தயார். கத்திக்காரர் (எலியின் நுரையீரலை மெழுகில் பதித்து மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றுகிறவர்; ஆள் பரமசாது) வழக்கம் போல எல்லா லேபிளையும் பட்டை ஒட்டி மூடிக் கலைத்துப் போட்டுவிட்டார். எது யாருடைய எலி என்பது தலைவரிடம் மட்டும். பார்த்து மதிப்பெண் போடுகிறவருக்குத் தெரியக்கூடாது. இதுதான் எங்கள் முறை. எப்போதும் நோய்க்குறி மருத்துவர் அம்மாதான் மதிப்பெண் போடுவார். அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, ஒரு மாதம் வரமாட்டார்.

"நீயே போட்டுடு. உன்ன விட்டா இங்க யாருக்குக் கண் இருக்கு" என்றார் தலைவர்.

"என்னோட எலியும் அதுல இருக்கே சார்."

"லேபிள்தான் மூடியிருக்கே. உனக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியுமா? தழும்பு இழைகளை நீலமாகக் காட்டுகிற சாயம் அது. மினுக்கி தன் ஸ்லைடுகளைச் சாயத்தில் கூடுதல் நேரம் ஊறவைக்கச் சொல்வாள். திரையில் போட்டால் பளிச்சென்று இருக்க வேண்டுமே அவளுக்கு. என்னுடையவை எப்போதும் வெளிர் நீலம். பெட்டியைத் திறந்து நாலைந்தை உருப்பெருக்கியில் வைத்ததுமே புரிந்துவிட்டது. ஒரு பக்கம் வெளிர் நீலம்: கொஞ்சம்தான், அழகாக, காற்றறைகள் திறந்து. என் எலிகள்! மற்றதெல்லாம் அடர் நீலம். அதில் மருந்தே தராத எலிகள் இருக்கும், அவை அப்படித்தான் இருக்கும். மீதி மினுக்கி.

சொல்லியிருக்க வேண்டும். 'சார், எனக்கு அடையாளம் தெரியுது' என்று ஒரு வார்த்தை. வாய் வரவில்லை.

மார்ச் 20

சுத்தமான நுரையீரலுக்குப் பூஜ்யம், முழுக்கத் தழும்பானதற்கு எட்டு. ஐந்தா ஆறா என்று தடுமாற்றம் வந்தால்? அடர் நீலத்துக்கு ஆறு. மூன்றா நான்கா என்றால் வெளிர் நீலத்துக்கு மூன்று.

பொய் போடவில்லை. ஒவ்வொரு எண்ணையும் யார் கேட்டாலும் நியாயப்படுத்த முடியும். அடர் நீலத்தை ஒரு மூலை விடாமல் குடைந்து பார்த்தேன். எங்காவது ஓர் ஓரத்தில் தழும்பு ஒளிந்திருந்தாலும் விடவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டது. வெளிர் நீலத்தைப் பார்க்கும்போது கழுத்து வலிக்கவேயில்லை.

மார்ச் 21

முடித்துக் கொடுத்துவிட்டேன். நன்றாகப் பசித்தது.

மார்ச் 28, வெள்ளி

தலைவர் எல்லோர் முன்னாலும் பட்டைகளைப் பிரிக்கவைத்தார்.

வெளிர் நீலம் மொத்தமும் மினுக்கியுடையது.

என் எலிகள் அடர் நீலக் குவியலில் இருந்தன. மருந்தே தராத எலிகளோடு. இரண்டையும் நான் பிரித்தறியக்கூட இல்லை.

இந்த முறை எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் ஒரே நேரம் ஊறவைத்ததாகக் கத்திக்காரர் சொன்னார். ஒரே பரிசோதனை என்றால் ஒரே தொட்டிதான், நேற்றுச் சேர்ந்த மாணவிக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை. நான் ஸ்லைடைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மினுக்கி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். "நீங்க பாத்ததால யாரும் ஒரு குறை சொல்ல முடியாது அக்கா" என்றாள். அவள் கோட்டில் இஸ்திரி வாசனை அடித்தது. என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், எனக்கு வருத்தமாக இருக்குமாம்.

மார்ச் 29

ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன். என் மருந்துக்கு நானே ஆறு ஆறா அள்ளிப் போட்டிருக்கேன். அவளுக்கு மூணு மூணா தூக்கிக் குடுத்திருக்கேன். எந்த எதிரி இப்படிப் பண்ணுவான்?

வாயைத் திறந்தால் நான் செய்த காரியம் வெளியே வரும். அதன் பிறகு என் எண்ணை யார் நம்புவார்கள்? வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் மருந்து முன்னே போகும், என்னுடையது குப்பைக்கு. அதுவும் என் கையெழுத்தோடு.

மார்ச் 31

அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியை நிறுத்தினார். முழுதும் சொல்லவில்லை. கூட வேலை செய்கிற பெண்ணின் மருந்து ஜெயித்துவிட்டது, என்னுடையது தோற்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு மருந்து... நெசமாவே வேலை செய்யுதா?"

"எலிக்கு."

"அப்ப நல்ல சேதிதானே... நீ ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிருக்க?"

"ஒன்பது வருஷம் அண்ணா."

கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "எனக்கு வர்ற காத்துல... யாரு பேரு எழுதியிருக்குன்னா... பாக்கப்போறேன்? நல்லா வேலை செய்யுதான்னு மட்டும்... சரியாப் பாத்துச் சொல்லுங்கடி. அது போதும்."

சரியாகப் பார்த்து. அவருக்கு என்ன தெரியும். ஒன்றும் தெரியாமல்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

ஏப்ரல் 1

சொல்லிவிட்டேன். தலைவர் அறையில், மினுக்கியையும் வைத்துக்கொண்டு.

நேர்மை, அது இது என்று பெரிதாக எழுதிக்கொள்ளப் போவதில்லை. மறுபடி யாராவது பார்த்தால் என் மருந்து பிழைக்கும் என்ற ஆசைதான் பாதி. பாதிக்கு மேல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "உன்னப் போய் நம்பினேன் பாரு" என்றார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மினுக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "என்னோடதுன்னு நெனச்சுதான் அப்படிப் போட்டீங்களா?"

"ஆமா."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை.

ஏப்ரல் 4

'அக்கா' போய்விட்டது. இப்போது 'மேடம்'. சர்க்கரை குறைந்தது நல்லதுதானே என்று சமாதானம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தேநீர் அறையில் நான் நுழைந்ததும் கோப்பையோடு எழுந்து போனாள், பாதி குடித்தபடியே.

ஏப்ரல் 22, செவ்வாய்

நோய்க்குறி மருத்துவர் அம்மா ஊன்றுகோலோடு வந்துவிட்டார். எல்லா ஸ்லைடையும் மறுபடி மூடி, மறுபடி கலைத்து, அவரே முதலிலிருந்து போட்டார். இன்று முடிவு. முந்தைய எண்களை யார் போட்டது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்த அடர் நீலத்த பாத்தவங்க யாரு? கை வெக்க எடமில்ல, எனக்கும் அப்படியேதான் வருது. ஆனா இந்த வெளிர் நீலத்த வேற ஆள் பாத்தாங்களா? கொஞ்சம் அசந்துட்டாங்க போல. மூணு போட்ட எடத்துல எல்லாம் நாலு."

கத்திக்காரர் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தரையைப் பார்த்தார்.

நாலானாலும் மினுக்கியின் மருந்து நிற்கிறது. என்னுடையதற்கும் உப்புநீருக்கும் வித்தியாசமில்லை. என் வயிற்றெரிச்சல் என் மருந்தைக் கெடுக்கவில்லை. அது ஏற்கெனவே தோற்றுப்போயிருந்தது. எரிச்சலோடு பார்த்ததால்தான் அதைச் சரியாகப் பார்த்தேன்.

அப்படியானால் இத்தனை வருடம் என் கிண்ணங்களை எந்தக் கண்ணால் பார்த்தேன்?

வீட்டுக்கு வந்து அழுதேன். அண்ணி ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் போனார்.

மே 6

என் வேலையை மூடியாயிற்று. பாக்கி மருந்துக் குப்பிகளை உறைபெட்டியின் அடித்தட்டுக்கு நானே மாற்றினேன். தலைவர் என்னை வெளியே அனுப்பவில்லை. அதற்குப் பதில் மினுக்கியின் குழுவில் போட்டிருக்கிறார். இது கருணையா தண்டனையா என்று கேட்கத் தைரியமில்லை.

அவள் பெயர் முதலில் வரும், என் பெயர் எங்கேயோ நடுவில். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. வரட்டும்.

மே 19

மனசு கேட்கவில்லை. என் பழைய படங்களையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு, இதெல்லாம் மினுக்கி செய்தது என்று நினைத்துக்கொண்டு, எங்கே ஓட்டை என்று தேடினேன். முதல் நாளே அகப்பட்டது! என் ஏற்பியை அடைத்ததும் அந்தச் செல் பக்கத்திலேயே இன்னோர் ஏற்பியை முளைக்கவைக்கிறது. ஒரு வாசலைச் சாத்தினால் மறுவாசல். கிண்ணத்தில் நான் சீக்கிரமே நிறுத்திவிடுவேன், மறுவாசல் திறக்க நேரமே கொடுத்ததில்லை. எலிக்கு நேரம் இருந்தது. என் படங்களிலேயே ஓரத்தில் அது லேசாகத் தெரிகிறது. கறை என்று நினைத்து ஒதுக்கியிருக்கிறேன்.

எந்த வாசல் வழியாக உத்தரவு போனாலும் கடைசியில் இழையைப் பூட்டித்தானே ஆக வேண்டும். பூட்டைப் பிடித்தது அவள். 'நெய்து முடித்த பிறகு என்ன பயன்' என்று கூட்டத்தில் கேட்டேனே, அந்தப் பயன்.

மினுக்கியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நின்றபடியே பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இத ஏன் எங்கிட்ட காட்டுறீங்க?" என்றாள். "உன் மருந்து ஏன் வேலை செய்யுதுன்னு இதுலதான் இருக்கு" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எவ்வளவு கசந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். மறைக்கத் தெரியாத முகம் எனக்கு.

ஜூன் 10, செவ்வாய்

மினுக்கியை வெளியூர் மாநாட்டில் பேச அழைத்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். தின்றேன்.

மத்தியானம் ஒரு பெட்டியோடு என் மேசைக்கு வந்தாள். இரண்டாவது சுற்று எலிகள். லேபிள் எல்லாம் மூடிக் கலைத்து ஒட்டியிருந்தது.

"இத நீங்கதான் பாக்கணும்."

"மருத்துவர் அம்மா இருக்காங்களே."

"அவங்களும் பாப்பாங்க. நீங்களும் பாருங்க."

"இதுல எது மருந்து குடுத்ததுன்னு எனக்குத் தெரியாது" என்றேன். சும்மா சொல்லிவைத்தேன்.

"தெரிய வேணாம். எல்லாமே என்னோடதுதான்னு நெனச்சுக்கோங்க." கொஞ்சம் நகர்ந்தவள் திரும்பினாள். "அன்னிக்குப் பாத்தீங்கல்ல அக்கா, அதே மாதிரி."

காலையில் கிளம்பும்போது அண்ணன் வழக்கம் போலக் கேட்டிருந்தார், மருந்து எந்த மட்டில் இருக்கிறது என்று. இப்போதெல்லாம் யாருடைய மருந்து என்று அவரும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.

முதல் ஸ்லைடை வைத்தேன். நல்ல வெளிர் நீலம். காற்றறைகள் திறந்திருந்தன. ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு. மூன்றா நான்கா? மினுக்கியை நினைத்துக்கொண்டேன்: அந்த இஸ்திரி போட்ட கோட்டு, அந்த மாநாடு, என்னைப் பார்த்துத் தலைவர் சொன்ன அந்த ரெண்டே வருஷம். வயிறு நன்றாகவே எரிந்தது. குனிந்து இன்னொரு முறை பார்த்தேன்.

நான்கு போட்டேன்.