மூலை கிழிந்த உறை

இன்று காலை வாட்ச்மேன் கொண்டுவந்த கல்யாணப் பத்திரிகை உறையின் ஒரு மூலை கிழிந்திருந்தது. உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, யார் வீட்டு இழவோ என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் வந்து பார்த்துச் சிரித்தான். "அம்மா, கூரியர்ல எல்லாமே கிழிஞ்சுதான் வரும்" என்றான். அவனுக்கு என்ன தெரியும்? செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்துக்கு வந்து முப்பது வருஷம் ஆயிற்று. என் பயம் மட்டும் இன்னும் தாராவியில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருந்த சாலின் முதல் மாடியிலேயே குடியிருக்கிறது. இது உனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் நீ போன பிறகும் உனக்கே எழுதுகிறேன்.

நீ தமிழச்சி இல்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். கொங்கண் கரையிலிருந்து வந்த யூதக் குடும்பம் உன்னுடையது, வீட்டில் மராத்தி. ஆனால் எங்கள் எதிர் அறையில் பிறந்து, எங்கள் வீட்டுச் சோற்றில் பாதியைத் தின்று வளர்ந்ததால் உன் வாயில் எங்கள் திருநெல்வேலித் தமிழ்தான். "ஏளா, தண்ணி வந்துட்டு, குடத்தை எடு" என்று நீ கத்தினால், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் நீ எந்த ஊர்ப் பிள்ளை என்று என்னிடம் விசாரிப்பார்கள். நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் தையல் மெஷினோடு வீட்டில். அதனால் மதியத் தபால் இரண்டு வீட்டுக்கும் என் கையில்தான் வரும். உன் அம்மாவை உன்னைப் போலவே நானும் ஆயி என்றுதான் கூப்பிடுவேன். ஆயிக்கு எழுத்துத் தெரியாது.

உன் தம்பி டேனியல் இஸ்ரேலுக்குப் போனபோது ஆயி சால் முழுக்க இனிப்புக் கொடுத்தார். முன்னோர் மண்ணுக்குப் போகிறான் என்று அவ்வளவு பெருமை. மூன்று வருஷம் கழித்து அங்கே யுத்தம் வரும் போலிருந்த அறுபத்தேழாம் வருஷ மே மாதத்தில் அவன் எழுதிய கடிதத்தை, நம் நாட்டு யுத்தத்தின்போது ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதம் இன்னும் உரிக்கப்படாத உன் அறையில் உட்கார்ந்து நீ படித்தாய். அவன் வேலை செய்த ரொட்டிக்கடையில் பாதிப் பேர் உடனே அடிக்க வேண்டும் என்கிறார்களாம், பாதிப் பேர் பொறுக்க வேண்டும் என்கிறார்களாம். பெரிய தலைவர் ரேடியோவில் தடுமாறிப் பேசியதைக் கேட்டு ஊரே கதிகலங்கிப் போயிற்றாம். பூங்காவில் குழி வெட்டுகிறார்கள். கேட்டால், யாரைப் புதைக்க என்று யாரும் சொல்வதில்லை என்று எழுதியிருந்தான்.

அந்தக் கடையில் மாவு பிசைகிறவர் காலித் என்ற அரபுக்காரர். அவருடைய அக்கா பத்தொன்பது வருஷமாக எல்லைக்கு அந்தப் பக்கம். அவரிடம் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று டேனியல் கேட்டானாம். "என்னிடம் கேட்காதே, நான் எதைச் சொன்னாலும் தப்பு" என்றாராம். அவர் வீட்டிலும் இரண்டு கட்சி. அண்ணன் கெய்ரோ ரேடியோ சொல்வதெல்லாம் சத்தியம் என்கிறார். மனைவி அந்தப் பெட்டியை மூடுங்கள், பிள்ளைகள் தூங்கவில்லை என்கிறாள். படித்து முடித்ததும் நீ சொன்னாய்: "ரெண்டு பக்கமும் பயந்துபோய்க் கெடக்காங்க ஏளா. பயந்தவன்தான் முதல்ல அடிப்பான்."

அப்படியே ஆயிற்று. ஆறே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது என்று பேப்பரில் வந்தது. குழாயடியில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பேசினார்கள். சின்ன நாடு எப்படிப் போட்டான் பார் என்று ஒருத்தர். வீடு வாசல் போனவனைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா என்று இன்னொருத்தர் குடத்தை ஓங்கிக்கொண்டு வந்தார். உங்க ஆளுங்க ஜெயிச்சுட்டாங்க என்று ஆயியிடமே வந்து சொன்னார்கள். ஆயி கேட்டது ஒன்றுதான்: "எம்புள்ளை இருக்கானா?" கடிதம் வந்தால் மலீதாப் படையல் வைக்கிறேன் என்று எலியாஹு தீர்க்கதரிசிக்கு நேர்ந்துகொண்டு, அவலும் வெல்லமும் வாங்கிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

வியாழக்கிழமை மதியம் தபால்காரர் அந்த உறையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார். மேல் மூலை கிழிந்திருந்தது. மூலை கிழிந்து வந்தால் சாவுச் செய்தி. தமிழர், மராத்தியர், வடக்கத்தியர் எல்லாரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட விஷயம் நம் சாலில் அது ஒன்றுதான். அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வெளியே நின்று படித்து, கிழித்துப் போட்டு, தலைமுழுக வேண்டும். தபால்காரர் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். சாரலில் நனைந்த விலாசம் யார் எழுத்து என்று தெரியவில்லை. அங்கே போன நம் பக்கத்து ஆள் யாரோ முறை தெரிந்து மூலையைக் கிழித்து எழுதியிருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பிரிக்கவில்லை. கை வரவில்லை. வராந்தாக் கூரைத் தகரத்தின் இடுக்கில் செருகி வைத்தேன்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து படியேறும்போதே கேட்டாய்: "கடுதாசி வந்துச்சா?"

"இல்ல" என்றேன்.

மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். வெள்ளி சாயங்காலம் ஆயி ஓய்வுநாள் விளக்கை ஏற்றிவிட்டார். விளக்கு எரிகிற வீட்டில் எப்படிச் சொல்வது? சனிக்கிழமை கழியட்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு டியூட்டி; ஆயியைத் தனியாக வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா? இப்படி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. பயந்தாங்கொள்ளிக்குக் காரணத்துக்கா பஞ்சம்? மெஷினை மிதித்துக்கொண்டே தகரத்தைப் பார்ப்பேன். ஆயி வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்ப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் அவன் செத்துக் கிடந்தான்.

திங்கட்கிழமை பேய்மழை. தகரத்தில் தண்ணீர் ஓடியது. மை கரைந்துவிடுமே என்று உருவிப் பிரித்தேன். முனிசிபல் பள்ளியில் படித்த மராத்தி அன்று ஒழுங்காகக் கைகொடுத்தது. முதல் வரி: "ஆயி, நான் நன்றாக இருக்கிறேன்."

வெளிநாட்டுத் தபால்தலைக்கு ஆசைப்பட்டு வழியில் எவனோ மூலையோடு கிழித்து எடுத்திருக்கிறான். அவ்வளவுதான்.

சந்தோஷத்தில் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடி, டேனியல் எழுதியிருந்த மிச்சத்தைப் படித்தேன்: போன வாரம் குழியைப் பார்த்து அழுதவர்கள் இந்த வாரம் வரைபடத்தில் புது ஊர்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார்கள். பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு ஒருவன் துரோகி என்கிறான். முதலாளி, நீ பம்பாய்க்காரன் உனக்குப் புரியாது என்கிறார். காலித் நாலு நாளாக வேலைக்கு வரவில்லை, வீட்டுக்குப் போனேன், ரேடியோவை நம்பிய அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார், எல்லை திறந்துவிட்டது, இனி அக்காவைப் பார்க்கலாம், எந்த முகத்தோடு போவேன் என்று காலித் அழுகிறார். எனக்கு இங்கே பயமாக இருக்கிறது, ஆயி. படைக்குக் கூப்பிடுவதற்குள் கிளம்பினால்தான் உண்டு. கப்பலில் ஓர் இடம் இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வைத்திருக்கிறார்கள். இனிப்புக் கொடுத்து அனுப்பினாய், நானாகத் திரும்பி வர வெட்கமாக இருக்கிறது. வா என்று நீ ஒரு வார்த்தை தந்தி அடித்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை நேற்றே போய்விட்டது.

சாயங்காலம் உன்னிடம் கொடுத்தேன். "இப்பத்தான் வந்துச்சு, மழையில பிரிஞ்சுபோச்சு" என்றேன். நீ உறையைத் திருப்பிப் பார்த்தாய். நம் தபாலாபீசில், வந்து சேர்ந்த தேதியைப் பின்பக்கம் குத்தி அனுப்புகிற காலம் அது. நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். ஆயி ஓடிவந்து, "எப்போ வந்துச்சு?" என்றார். நீ அந்த முத்திரையின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "இன்னைக்குத்தான் ஆயி" என்றாய். எழுத்துத் தெரியாதவரிடம் எதற்காக மறைத்தாய் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆயிக்கு எண் தெரியும். காலண்டரில் நாள் கிழித்து எண்ணிக்கொண்டிருந்தவர் அவர்.

மழையிலேயே ஓடிப்போய்த் தந்தி அடித்தாய். மறுநாள் ஆயி அவலை நனைத்து, வெல்லமும் தேங்காயும் கலந்து, தட்டில் பழங்களை அடுக்கி மலீதா வைத்தார். கடிதத்தைக் கொண்டுவந்தவள் என்று முதல் பிடியை எனக்குத்தான் கொடுத்தார். வாங்கினேன். தின்றேன்.

மூன்று வாரம் கழித்து அவன் பதில் வந்தது. பதில் வராததால், அங்கேயே இருப்பதுதான் ஆயியின் விருப்பம் என்று நினைத்து இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டானாம். தந்தி வந்தபோது படையில் இருந்தானாம். காலித்தின் அக்கா இருக்கும் ஊரில், முச்சந்தியில் துப்பாக்கியோடு நிற்க வைத்திருக்கிறார்கள். போகிற வருகிற பெண்களில் காலித்தின் ஜாடை தெரிந்தால் தலையைக் குனிந்துகொள்கிறேன் என்று எழுதியிருந்தான். இரண்டாம் வருஷம், புது எல்லையாகிவிட்ட கால்வாய்க் கரையில் குண்டு விழுந்து அவன் செத்தான்.

அந்தச் செய்தி வந்த அன்று உன் அறை முழுக்க ஜனம். ஆயி தரையில் உட்கார்ந்திருந்தார். நான் உன்னை வராந்தாவுக்கு இழுத்து வந்து, "அன்னைக்கு அந்தக் கடுதாசி வியாழக்கிழமையே..." என்று ஆரம்பித்தேன். நீ என் வாயைப் பொத்தினாய். ஆஸ்பத்திரி டெட்டால் வாசனை அடித்த கை.

"சத்தம் போடாத ஏளா" என்றாய். "ஆயிக்குக் கேக்கும்."

அதற்குமேல் அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை, சாகும்வரை. மறுநாளும் என் குடத்தை உன் குடத்துக்கு முன்னால் வைத்துத் தண்ணீர் பிடித்தாய். நீ திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். ஆயி போய் நாற்பது வருஷம் ஆகிறது. இப்போது நீயும் இல்லை. மகன் ஆபீஸ் போய்விட்டான், வீட்டில் நான் மட்டும்தான். இதை எழுதிவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை என்கிற இடத்தில் என் குரல் தானாக இறங்கிவிட்டது.