பத்திரிகையில் என் பேருக்குப் பின்னால்

என் மாமாவுக்கு,

பெரிய பேத்தி காவ்யாவின் கல்யாணப் பத்திரிகை எழுதிய அன்று நம் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் காபித் தட்டோடு நின்றேன். நம் மகன் சரவணன், மருமகள் மேகலா, அவளுடைய அப்பாவான நம் சம்பந்தி, பென்னாகரத்திலிருந்து வந்த அச்சகத்து முருகேசன், கதவோரம் காவ்யா. வேறு யாரும் இல்லை. 'நான் அன்னிக்கு அங்கே இல்லை' என்று இனி எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நம் பக்கத்துப் பத்திரிகையில் பேரைவிட அதன் வாலுக்குத்தானே மரியாதை? மஞ்சள் தடவிய தாளைப் பிடித்துக்கொண்டு முருகேசன் வாசித்தார். சரவணனுக்கு பி.இ., மேகலாவுக்கு எம்.எஸ்சி., பி.எட்., ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான சம்பந்திக்கு ஒரு வரி முழுக்க எழுத்துகள். கண்டக்டர் உத்தியோகம் பார்த்த உங்களுக்கு எஸ்.எஸ்.எல்.சி.

"ஆயா பேருக்குப் பின்னால என்னாங்க போடறது?" என்று கேட்டார் முருகேசன்.

"கைநாட்டுன்னு போட்டுடுங்க" என்றான் சரவணன்.

சம்பந்திக்குச் சிரித்துச் சிரித்துக் காபி புரையேறியது. மேகலா வாயைப் பொத்திக்கொண்டாள். முருகேசன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகும் சிரித்தார். நீங்கள் மட்டும் தொண்டையைக் கனைத்தீர்கள்.

"அப்ப என் பேருக்குப் பின்னாலயும் ஒண்ணும் வேணாம். பேரு மட்டும் போதும்" என்றீர்கள்.

அந்தப் பத்திரிகையில் நாம் இரண்டு பேர் மட்டும் வாலில்லாமல் நின்றோம். அடுத்தது சின்னப் பேத்தி திவ்யாவின் பத்திரிகை. அது அச்சுக்குப் போவதற்குள் என் பேருக்குப் பின்னால் ஏதாவது இருந்தே ஆகவேண்டும் என்று அன்றே எனக்குள் சொல்லிக்கொண்டேன். உங்களிடம் சொல்வதற்குள் நீங்கள் படுத்துவிட்டீர்கள்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாது, பையன மன்னிச்சிடு" என்றீர்கள். "தண்ணி குடிங்க" என்றேன். அது பதில் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்ததா மாமா?

உங்கள் காரியம் முடிந்ததும் பஸ் ஏறித் தர்மபுரிக்குப் போனேன். திறந்தநிலைப் பள்ளி மையம் ஒன்று இருப்பதாகப் பால் சொசைட்டியில் பேசிக்கொண்டது காதில் விழுந்திருந்தது. அங்கே இருந்த மேடம் பேர் கவிதா.

"பேத்திக்கு அட்மிஷனுங்களா ஆயா?"

"எனக்குத்தாம்மா. பத்தாவது எழுதணும். நாலாவது வரைக்கும் போயிருக்கேன். எழுதப் படிக்க வரும்."

அது போதும் என்றாள். ஐந்து பாடம், அதுவும் நாமே பார்த்து எடுத்துக்கொள்ளலாமாம். கணக்கு வராது என்றால் மனையியல் இருக்கிறது. வகுப்புக்குத் தினம் வரவேண்டியதில்லை. எல்லாப் பரீட்சையையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதும் இல்லை, தயாரானதை முதலில் எழுதலாம். இப்படி ஒரு பள்ளிக்கூடம் அந்தக் காலத்திலேயே இருந்திருந்தால் மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டே நான் கலெக்டர் ஆகியிருக்க மாட்டேனா?

"மனப்பாடம் கஷ்டமா இருக்குமே ஆயா" என்றாள்.

"எனக்கு எதுவும் மறக்காதும்மா. அதான் என் வியாதி."

பேர் எழுதும் இடத்தில் கணவர் பேர் கேட்டிருந்தது. வாயால் சொல்லாத உங்கள் பேரை முதல் முறையாக எழுதினேன். சின்னசாமி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புளி தட்டிக்கொண்டே படித்தேன். குடலில் ஒட்டிக்கொண்டு வாழும் புழுக்களைச் சம்பந்தியை நினைத்துக்கொண்டு படித்தேன், ஒரு வரி மறக்கவில்லை. இருந்தும் முதல் தடவை அறிவியல் போய்விட்டது. சரவணன் பெங்களூரிலிருந்து போன் போட்டான்.

"எதுக்கும்மா இந்த வயசுல இந்த அசிங்கம்? ஊர்ல என்னைத்தான் கேக்கறாங்க."

"உன்னைக் கேட்டா, கைநாட்டுக்குப் பொறந்தவன்னு சொல்லு" என்று வைத்துவிட்டேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் தோற்றவள் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டாம், தோற்றதை மட்டும் எழுதினால் போதும். எழுதினேன். தேறிவிட்டேன் மாமா. உங்கள் படத்துக்கு முன்னால் சான்றிதழை வைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் காத்திருந்தேன்.

போன வாரம் திவ்யாவின் பத்திரிகை எழுத உட்கார்ந்தார்கள். அதே கூடம், அதே ஆட்கள், உங்கள் கட்டில் மட்டும் காலி. இந்த முறை வீட்டுக்குப் பெரியவள் நான், அழைப்பு என் பேரில். நான் சொல்லச் சொல்ல முருகேசன் எழுதினார்.

"அமரர் சின்னசாமி, எஸ்.எஸ்.எல்.சி.ன்னு எழுதுங்க. அடுத்து மாதம்மாள். அதே எழுத்து." சான்றிதழை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சம்பந்தி எட்டி வாங்கி, பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தார்.

"அடுத்து சரவணன். பேரு மட்டும் போதும்."

"அம்மா, ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுக்கணும்மா. படிக்காதவன்னு நெனச்சுச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ரெண்டு நாள்ல பழகிடும்."

"விடுங்க சம்பந்தி, அன்னிக்குப் பையன் வெளையாட்டுக்குச் சொன்னான்" என்றார் மேகலாவின் அப்பா.

"நானும் வெளையாட்டுக்குத்தாங்க சொல்றேன். முருகேசு, நான் சொன்னபடியே எழுதுங்க."

எழுதினார். பத்திரிகை அச்சாகி வந்து, ஊர் முழுக்கக் கொடுத்தாயிற்று. என் சாவுக்கு ஒட்டும் போஸ்டரிலும் அவன் பேர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லிவைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதை நான் மறக்கவில்லை. சம்பந்தியை மன்னித்துவிட்டேன். மேகலாவையும் முருகேசனையும்கூட. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பது அன்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் ஒகேனக்கல் ரூட்டில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், ஒன்பதாம் வகுப்பில் மூன்று பாடம் தோற்று, "அப்பாகிட்ட சொல்லாதம்மா, நீயே போட்டுடும்மா" என்று என் முந்தானையைப் பிடித்து அழுதானே, அப்போது அவன் மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்டது யார்? இன்றுவரை உங்களிடம் சொன்னேனா?

பன்னிரண்டாவதுக்கும் பேர் கொடுத்துவிட்டேன். அதையும் தேறிவிட்டுத்தான் உங்களிடம் வருவேன், இது சத்தியம். வரும்போது எல்லாக் கோபத்தையும் இங்கேயே இறக்கிவைத்துவிட்டு வருகிறேன், ஒன்றைத் தவிர. அந்தக் கை போட்ட எழுத்தைக் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். அவனை மட்டும் மன்னிக்க மாட்டேன், நம் மகன் சரவணனை.

உங்கள் அக்கா மகள்,
உங்களுக்கு வாழ்க்கைப்பட்ட மாதம்மாள், எஸ்.எஸ்.எல்.சி.