எட்டடிச் சுவர்

உங்களுக்கு,

இதைப் போனில் சொன்னால் கத்துவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நம் வரிசை வீடுகளின் வரலாற்றை எழுதும் கட்டடக்கலைக் கல்லூரிப் பெண் இன்று வந்தாள். ஏணி போட்டு, நம் படுக்கையறையின் மச்சுப் பலகையைத் தள்ளி, டார்ச் அடித்து என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னாள். மேலே சுவரே இல்லை! ஆறு வீட்டுக்கும் ஒரே கூரை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திறந்து கிடக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை லாயமாம். பிறகு வீடுகளாகத் தடுத்தவர்கள், காற்றோடட்டும் என்று சுவரை எட்டடியோடு நிறுத்திவிட்டார்களாம்.

தமிழில்தானே சண்டை போடுகிறோம், இங்கே யாருக்குப் புரியும் என்பீர்களே. பக்கத்து வீட்டு சுப்ரஜா குல்கர்ணிதான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷமாக நாம் இந்தியில் மட்டுமே பேசுகிற அதே சுப்ரஜா.

"கல்யாணத்துக்கு அப்புறம்தான் குல்கர்ணி. நான் மாம்பலத்துப் பொண்ணு," என்றார் தமிழில். "எல்லாம் கேக்கும்மா. தீபாவளியன்னிக்கு நீ பாத்ரூம்ல வழுக்கி விழலைன்னும் தெரியும்."

அம்மாவிடம்கூட வழுக்கி விழுந்தேன் என்றுதானே சொல்லியிருக்கிறேன்.

அவர்கள் வீட்டில் யாரும் கத்துவதில்லை. அதனால்தான் நமக்கு இது தெரியாமலே போயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் லோஹேகாவ் விமான நிலையத்தில் இறங்கி வரும்போது நானும் குழந்தையும் சுப்ரஜா வீட்டில் இருப்போம். எங்களைத் தேடிக்கொண்டு அங்கே வர வேண்டாம். நம் வீட்டில் உட்கார்ந்தே பேசுங்கள். எங்களுக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா